போட்ட சற்று நேரத்தில் அணைந்துவிடும் கம்ப்யூட்டர்: போர்டை மாற்றுமுன் ஒரு வார்த்தை

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் மேசைக் கம்ப்யூட்டர் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்டது உண்மைதான். ஆனாலும் மளிகைக் கடையின் ஜி.எஸ்.டி. பில், மிளகு வியாபாரத்தின் வரவு செலவு, கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட், ஊரில் நடந்த கல்யாணப் புகைப்படங்கள் என்று பலவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களை வாங்கி வைத்த வீடுகளும் நம்மிடையே உண்டு.

இந்தப் பெட்டிகளைப் பற்றி அடியேனிடம் அதிகமாக வரும் புகார் ஒன்றே: "சார், போட்டால் எரிகிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது." ரெயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், மின்சாரம் ஓடும் எதுவானாலும் என்னிடம் கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் கேட்க வருமுன்பே ஒருவர் "போர்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று சொல்லியிருப்பார். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது சிறிய செலவல்ல. அது தேவையில்லாத செலவாகவும் இருக்கலாம். ஆகவே, அந்த முடிவுக்கு வருமுன் வீட்டில் நாமே பார்க்கக் கூடியவை என்ன என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

அணைவது நோயல்ல, காவல்

ரெயில்வேயில் சிக்னல் எப்படி அமைக்கப்படுகிறது என்பதை அறிந்தால் இது எளிதில் விளங்கும். தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அது ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரை சிக்னல் பச்சை காட்டலாம். வண்டி வந்தாலும், தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழுந்துவிடும், சிக்னல் சிவப்பாகிவிடும். அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற முறை இது. எதில் கோளாறு வந்தாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. சிவப்பு விளக்கைக் கண்டு யாரும் "சிக்னல் கெட்டுவிட்டது, மாற்று" என்று சொல்வதில்லை. சிவப்பு ஏன் விழுந்தது என்றுதான் தேடுவோம்.

கம்ப்யூட்டரும் அப்படியே. நாம் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் பவர் சப்ளை பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றுகிறது. போட்டவுடன் அது மின்சாரத்தை போர்டுக்கு நம்பி ஒப்படைத்துவிடுவதில்லை. எல்லா வோல்ட்டும் சரியாக எழுந்துவிட்டதா என்று பார்த்து, ஏறத்தாழ 0.1 முதல் 0.5 செகண்டுக்குள், சாம்பல் நிறக் கம்பி வழியாக "பவர் குட்" என்னும் சைகையை அனுப்புகிறது. அடுத்த ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர் வந்த பிறகுதான் வண்டியை விடுவது போல, இந்தச் சைகை வந்த பிறகே பிராசஸர் வேலையைத் தொடங்கும். நடுவில் சைகை விழுந்தால் பிராசஸரும் நின்றுவிடும்.

இதைத் தவிர இன்னும் சில காவலர்கள் உள்ளே உண்டு. ஷார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். தானே அணையும். பிராசஸர் அளவுக்கு மீறிச் சூடானால், தன்னைக் காத்துக்கொள்ள மின்சாரத்தை வெட்டச் சொல்லும். இந்தக் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற ஆய்வுக் குழு ஒரு வீடியோவில் காட்டியது. ஓடிக்கொண்டிருந்த பிராசஸர்களின் மேலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அன்றைய அத்லான் பிராசஸர் புகைந்து கருகியது.

ஆகவே, "ஏன் கெட்டது?" என்று தொடங்காமல், "எந்தக் காவலர் நிறுத்தினார்?" என்று தொடங்க வேண்டும். அதற்கு நம்மிடம் உள்ள முதல் சாட்சி கடிகாரம்தான். போட்டதிலிருந்து எத்தனை நேரத்தில் அணைகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு செகண்டுக்குள் அணைந்தால்

ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி உடனே நின்றுவிட்டால், ஷார்ட் அல்லது அதிக லோடு என்று சந்தேகிக்கலாம். யு.எஸ்.பி. துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள தகடு வளைந்து உறையைத் தொட்டுக்கொண்டிருப்பது அபூர்வமல்ல. பிரிண்டர், பென் டிரைவ், வெப் கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள். சமீபத்தில் பெட்டியைத் திறந்து ஏதேனும் சேர்த்திருந்தால், தவறி விழுந்த திருகாணி ஒன்று போர்டுக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே சிக்கியிருக்கலாம். ராம் சரியாக உட்காராவிட்டால் சில போர்டுகள் அணைந்து அணைந்து எழும்.

ஒரு குறிப்பு: ஷார்ட்டால் அணைந்த எஸ்.எம்.பி.எஸ். பூட்டிக்கொண்டு எழாமல் இருக்கக்கூடும். சுவிட்சை அணைத்து, பின்பக்கக் கேபிளையும் கழற்றிச் சில நிமிடம் பொறுத்தபின் முயலுங்கள்.

எண்ணி நான்கு செகண்டில் அணைந்தால்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய ஏ.டி. வகைப் பெட்டிகளில் சுவிட்ச் 230 வோல்ட்டையே நேராக வெட்டியது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் முன்பக்க பட்டன் மின்சாரத்தை வெட்டுவதில்லை. போர்டுக்கு ஒரு வேண்டுகோளை மட்டும் அனுப்புகிறது. அந்தப் பட்டனைத் தொடர்ந்து 4 செகண்ட் அழுத்திப் பிடித்தால், கட்டாயமாக அணைக்கச் சொல்கிறோம் என்று போர்டு எடுத்துக்கொள்ளும்.

இப்போது பட்டன் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். நாம் விரலை எடுத்துவிட்டோம். போர்டுக்கோ இன்னும் யாரோ அழுத்திக்கொண்டிருப்பதாகவே தெரிகிறது. 4 செகண்ட் ஆனதும் அது கட்டளைப்படி அணைகிறது. கடற்காற்றில் உப்பும், கிடங்குத் தெருக்களில் மிளகாய், மஞ்சள் தூளும் மிதக்கும் நம் ஊரில், பட்டன் துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டர் இப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. மூன்று வருடக் கணக்கு அதில் இருந்தது. மகளின் கடைசி வருட பிராஜெக்டும் அதிலேயே.

"நாலு எண்ணுறதுக்குள்ள அணைஞ்சிருது சார். போர்டு போயிட்டுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் நாலேதானா, அண்ணாச்சி? சில சமயம் பத்து, சில சமயம் இருபது என்று மாறுகிறதா?"

"மாறவே இல்ல சார். அச்சு மாறாம நாலுதான்."

சூடோ ஷார்ட்டோ இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்துக்கொள்ளாது. பட்டனிலிருந்து போர்டுக்குப் போகும் இரண்டு கம்பிச் சிறு பிளக்கைக் கழற்றி, அந்த இரண்டு பின்களையும் சிறிய ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டு எடுத்தோம். கம்ப்யூட்டர் எழுந்தது, அன்று சாயங்காலம் வரை அணையவில்லை. ரீசெட் பட்டனின் பிளக்கை அந்த இடத்தில் செருகிவிட்டோம். இன்றும் ரீசெட்டை அழுத்தித்தான் அவர் கடையில் கம்ப்யூட்டர் எழுகிறது. செலவு ஒன்றுமில்லை.

அரை நிமிடம் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் வரை

இங்கே முதல் சந்தேகம் சூடு. உடனே மறுபடி போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் அணைகிறதா, அரை மணி ஆறவிட்டுப் போட்டால் அதிக நேரம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் சூடு என்பது ஏறக்குறைய உறுதி. போட்டவுடன் பயாஸ் திரைக்குள் போனால், ஹார்டுவேர் மானிட்டர் என்ற பக்கத்தில் பிராசஸரின் வெப்பம் தெரியும். அங்கேயே எண் விறுவிறுவென்று ஏறினால் ஹீட்சிங்கைப் பார்க்க வேண்டும்.

பக்கத் தகட்டைத் திறந்து, பிராசஸரின் மேலுள்ள ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஹீட்சிங்கின் இடைவெளிகளில் தூசி கம்பளி போல் படிந்திருக்கும். மின்சாரத்தை முழுதும் துண்டித்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் எடுங்கள். காற்று அடித்துத் துடைப்பதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும். 2004-க்குப் பின் வந்த இன்டெல் போர்டுகள் பலவற்றில் ஹீட்சிங் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் நிற்கிறது. அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் ஹீட்சிங் சரிந்து, பிராசஸரை முழுதும் தொடாமல் போகும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகத் துவரம் பருப்பு அளவு வைத்தால் போதும்.

கம்ப்யூட்டரைக் கதவு போட்ட மரப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும், சுவரோடு ஒட்டி வைப்பதும், மேலே துணி போர்த்தியபடி ஓட்டுவதும் நம் வீடுகளில் உண்டு. மேடம், இடவ மாதப் புழுக்கத்தில் அது மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்?

நேரம் ஒழுங்கில்லாமல் அணைந்தால்

ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. மறுநாள் பத்து நிமிடம். ஃபிரிட்ஜ் அல்லது தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது அணைகிறது. இப்படியிருந்தால் பெட்டியை விட்டு வெளியே வாருங்கள். யு.பி.எஸ்., நீட்டிப்புப் பலகை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, நேராகச் சுவரிலுள்ள மூன்று துளை பாயின்ட்டில் செருகி ஓட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் குற்றவாளி வெளியேதான். கரண்ட் போனவுடனே அணைகிறது என்றால் யு.பி.எஸ்.ஸின் பேட்டரி தன் காலத்தை முடித்திருக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவர் மின்சாரம் நின்றால் எஸ்.எம்.பி.எஸ். தன் சேமிப்பில் தாங்கக்கூடிய நேரம் முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்ட்தான். 50 சைக்கிள் மின்சாரத்தில் ஒரு சைக்கிளுக்கு 20 மில்லி செகண்ட். அதாவது, முழுதாக ஒரு சைக்கிளைக்கூட அதனால் தாங்க முடியாமல் போகலாம். இன்வெர்ட்டரின் பின்னால் "நார்மல்", "யு.பி.எஸ்." என்று சுவிட்ச் இருந்தால் யு.பி.எஸ். பக்கம் இருக்கட்டும்.

வெளியே குற்றமில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீதுதான் சந்தேகம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் கம்ப்யூட்டர் ஓடும்போதே அளக்கலாம். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருக்க வேண்டும். வேலை கூடும்போது இதற்குக் கீழே இறங்கினால் அந்தப் பெட்டியை மாற்றிவிடலாம். ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து "எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். முழுதும் அணைவது வேறு. நீலத்திரை வந்து மறுபடி தானே தொடங்குவது வேறு. பின்னது பெரும்பாலும் ராம், டிஸ்க், டிரைவர் சம்பந்தப்பட்டது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று பதிவாகியிருந்தால், முறையாக மூடப்படாமல் நின்றது என்றுதான் பொருள். யார் நிறுத்தினார் என்று அது சொல்லாது. விளக்கு மெல்ல மினுக்கிக்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் வெறுமே தூங்குகிறது; தூங்க வைக்கும் நேரத்தை செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம்.

உலகையே அலைக்கழித்த கெப்பாசிட்டர்

போர்டே குற்றவாளியாக இருந்த காலமும் உண்டு. 1999 முதல் ஏறத்தாழ 2007 வரை, தைவானில் தயாரான எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் பல, உரிய ஆயுளுக்கு வெகு முன்பே செத்துப்போயின. உள்ளிருக்கும் திரவத்தில் சேர வேண்டிய பாதுகாப்பு மருந்துகள் சரியாகச் சேராததால், அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாயிற்று. அழுத்தம் ஏறி, தலை உப்பி, வெடித்து, பழுப்புத் திரவம் கசிந்தது. பல கம்பெனிகளின் போர்டுகள் இதில் மாட்டிக்கொண்டன. அறிகுறி நாம் பேசிக்கொண்டிருப்பதேதான்: காரணமில்லாமல் அணைவது, மறுபடி தொடங்குவது, பிறகு ஒருநாள் எழாமலே போவது.

இதில் டெல் நிறுவனத்தின் கதை வாடிக்கையாளர் யாவரும் அறிய வேண்டியது. தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களில் இருந்த இந்தக் கெப்பாசிட்டர்களை முன்னிட்டு 2005-ல் அது 30 கோடி டாலரை ஒதுக்க நேர்ந்தது. 2010-ல் வெளிவந்த வழக்கு ஆவணங்களைக் கொண்டு நியூயார்க் டைம்ஸ் எழுதிய செய்தியின்படி, 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பப்பட்ட குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் இந்த ஆபத்தில் இருந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் வரிசையாகச் செத்தபோது, கடினமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தை வருத்திவிட்டதாக அவர்களுக்குக் காரணம் சொல்லப்பட்டதாம்! கணிதப் பேராசிரியர்களுக்கே அந்தப் பதில் என்றால், நம்மைப் போன்றவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்படிப் பார்ப்பது கடினமல்ல. போர்டில், பிராசஸரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. உப்பியிருந்தால், அல்லது அடியில் பழுப்புக் கறை இருந்தால் அது போய்விட்டது. பின்னர் வந்த போர்டுகள் பலவற்றில் திட வகைக் கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மட்டும் பழைய வகையே பெரும்பாலும் இருக்கிறது. இந்த வகையின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் சுமார் பாதியாகும் என்பது எஞ்சினியர்களின் கணக்கு. காற்றோட்டம் ஏன் இத்தனை முக்கியம் என்பது இதிலிருந்தே தெரியும்.

உப்பிய கெப்பாசிட்டர் இருந்தாலும் போர்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சால்டரிங் நன்கு தெரிந்த ஒருவர் அதே மைக்ரோ ஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட், 105 டிகிரி தாங்கும், லோ ஈ.எஸ்.ஆர். வகையைப் போட்டுக் கொடுக்கலாம்.

பாதி பாதியாகப் பிரித்துப் பாருங்கள்

நீளமான லைனில் எங்கோ பழுது என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து தேடுவதில்லை. நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் பழுது என்று பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பிரிப்போம். கம்ப்யூட்டரிலும் அதே முறைதான். மின்சாரத்தைத் துண்டித்து, டிவிடி டிரைவ், ஹார்டு டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். போர்டு, ஹீட்சிங்கோடு பிராசஸர், ஒரே ஒரு ராம் மட்டும் இருக்கட்டும். இப்போது அணையாவிட்டால், கழற்றியவற்றில் ஒன்றே குற்றவாளி. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இப்போதும் அணைந்தால், வேறொருவரின் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு மணி நேரம் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால்தான் போர்டு, பிராசஸர் பக்கம் விரலை நீட்ட வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

கை வைக்கக் கூடாதவை

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கக்கூடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய பழைய கம்ப்யூட்டராக இருந்தால், பின்னால் 115, 230 என்று நகர்த்தும் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 115-ல் வைத்து நம் மின்சாரத்தில் செருகினால் பெட்டி வெடித்துப் போகும்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் எர்த் இல்லை என்று பொருள், எலக்ட்ரீஷியனை அழையுங்கள். மூன்றாவது காலை வெட்டிய பிளக்கோடு ஓட்டவே கூடாது. துலாவர்ஷத்து இடிமின்னல் தொடங்கியதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும், இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். கர்க்கடக மழையில் நனைந்த அல்லது பல நாள் பூட்டிக் கிடந்த அறையில் உள்ள கம்ப்யூட்டரை, ஈரம் நன்றாகக் காய்ந்த பின்பே போட வேண்டும்.

கணக்கும் படங்களும் என்னாகும்?

பெட்டி அணைவதால் உள்ளிருப்பது அழிந்துவிட்டது என்று கலங்க வேண்டாம். கணக்கும் படங்களும் இருப்பது ஹார்டு டிஸ்கில். அது தனி உறுப்பு. எஸ்.எம்.பி.எஸ். போனாலும் போர்டு போனாலும் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். ஆனால் "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று முப்பது முறை போட்டுப் போட்டு, எழுதும் நடுவே மின்சாரம் போனால் அதற்குக் கேடு வரும். இரண்டு மூன்று முறையில் அடையாளம் தெரியாவிட்டால், டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. அடாப்டர் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, வேண்டியதைப் பிரதி எடுத்துவிடுங்கள். ரிப்பேருக்குக் கொடுப்பது அதற்குப் பிறகுதான். "பழசுதானே" என்று பழைய பெட்டியை எடைக்குப் போடும்போதும் டிஸ்கை எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

கடைக்குக் கொண்டுபோகும்போது நான்கு விஷயங்களை எழுதி எடுத்துப் போங்கள்: போட்டதிலிருந்து எத்தனை நேரத்தில் அணைகிறது, ஆறவிட்டால் அந்த நேரம் கூடுகிறதா, சுவரில் நேராகச் செருகியபோதும் அணைந்ததா, எதைக் கழற்றியபோது அணையவில்லை. இந்தச் சீட்டைப் பார்க்கும் நல்ல டெக்னீஷியன் பாதி வேலை முடிந்ததென்று மகிழ்வார். பார்க்காமலே "போர்டுதான்" என்று சொல்பவரிடம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மரியாதையோடு கேளுங்கள்; மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். காசு கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு. வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்திவைத்து நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். நாம் சொல்லிக் கொடுப்பதைவிட வேகமாக அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.